காபிச் சக்கையும் சிஸ்டரின் காளான் அறையும்

ரோசி போன வாரம் போன் செய்தாள். கீழ்புத்துப்பட்டில் நாங்கள் வேலை பார்த்த பழைய கொட்டகையைப் பிரிக்கப் போகிறார்களாம். பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. காற்றை வடிகட்டி உள்ளே விடும் மெஷின், வைக்கோல் வேகவைக்க பாய்லர் எல்லாம் வந்தாயிற்று. புதிதாகச் சேர்ந்த பெண்கள் பழைய கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா காளான் வளர்த்தீங்க?" என்று சிரித்தார்களாம்.

"அக்கா, நீ ஒரு நாள் வந்து இதுங்களுக்குச் சொல்லு. நான் சொன்னா கதை வுடுறேன்னு நெனைக்குதுங்க" என்றாள் ரோசி.

போய்ப் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வந்துவிடுகிறது. அந்த இருமல் எப்படி வந்தது என்பதையும் அந்தப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் எழுதித் தருகிறேன். பத்தாவது வரை படித்தவள் நான். பிழை இருந்தால் ரோசி திருத்திக்கொள்ளட்டும்.

என் பெயர் அலமேலு. கல்யாணமாகி மரக்காணம் வந்ததிலிருந்து உப்பளத்தில் உப்பு வாரியவள். தை பிறந்தால் வேலை தொடங்கும். ஐப்பசியில் வானம் கறுத்தால் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நின்றுவிடும், பிறகு அடுத்த தை வரைக்கும் கை சும்மா. உப்புத் தண்ணீரில் நின்று நின்று என் குதிகால் இரண்டும் வெடித்துப் புண்ணாகி, ஒரு வருஷம் ஆறவே இல்லை. மாதாகோயில்காரர்கள் தங்கள் வளாகத்தில் நடத்திய சின்ன மருந்தகத்தில் கட்டுப் போட உட்கார்ந்திருந்தபோதுதான் பிலோமினா சிஸ்டரை முதலில் பார்த்தேன்.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரி என்று நினைத்துக் கும்பிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் நர்ஸ். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் வாழ்நாள் பூரா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் காலை வச்சிக்கினு இனிமே உப்புல எறங்காதீங்க."

"எறங்கலைன்னா சோத்துக்கு இன்னா பண்றது சிஸ்டர்?"

கட்டைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நெழல்ல ஒரு வேலை இருக்கு. கை சுத்தமா இருக்கணும், அவ்ளோதான். வர்றீங்களா?"

அவ்ளோதான் என்று அவர் சொன்னதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சிஸ்டருடைய தம்பிக்குக் கீழ்புத்துப்பட்டில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு கொட்டகை சும்மா கிடந்தது. சிஸ்டர் காளான் வளர்ப்புக்குப் பயிற்சி எடுத்திருந்தார். எல்லோரும் வைக்கோலில் வளர்ப்பார்கள். சிஸ்டருக்கு வேறு ஒரு எண்ணம் இருந்தது. பாண்டிச்சேரி காபிக் கடைகளில் தினமும் கூடை கூடையாகக் காபிச் சக்கையைக் குப்பையில் கொட்டுவதை அவர் பார்த்திருந்தார். அதைக் கேட்டு வாங்கிவர பாபு என்ற வேன்காரரை ஏற்பாடு செய்தார்.

நான் வேலைக்குப் போன முதல் நாள், பாபு மூடி போட்ட வாளிகளை இறக்கினார். மூடியைத் திறந்ததும் கொட்டகை முழுக்கக் காபி வாசனை. உள்ளே கன்னங்கரேலென்று ஈரமான தூள். எங்கள் வீட்டில் டிகாஷன் இறக்கிய பிறகு சக்கையை வாழை மரத்தடியில் தட்டிவிடுவோம். அதை இவ்வளவு மரியாதையாக மூடி போட்டுக் கொண்டுவருகிறார்களே என்று இருந்தது.

"இத வச்சி இன்னா சிஸ்டர் பண்றது?"

"காபி போடும்போதே கொதிக்கிற தண்ணி இதுக்குள்ள பூந்து வெளிய வந்திருக்கு. நம்ம வேலையில பாதிய கடைக்காரரே முடிச்சிக் குடுத்துட்டாரு. இன்னைக்கே எடுத்தா இது சுத்தம். நாளைக்கு எடுத்தா குப்பை" என்றார்.

சிஸ்டர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். கொட்டகை வாசலில் ஒரு குழாய் இருந்தது. அங்கே நின்று நகக்கண்ணிலிருந்து முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு இரண்டு கையையும் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார், தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டும். அந்தக் கையால் எதையும் தொடமாட்டார். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். முதல் நாள் ரோசி என் காதில், "இன்னாக்கா இது, சாமி வந்த மாதிரி கையத் தூக்கிகினு போவுது" என்று சிரித்தாள். ஒரு மாதத்தில் நாங்களும் அப்படித்தான் போனோம். வீட்டில் அடுப்பங்கரைக் கதவைக் கூட நான் தோளால் தள்ளுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

அறைக்குள் சிஸ்டர் பேசுவது ஒற்றை வார்த்தைதான். "கை" என்றால் காட்ட வேண்டும். "நகம்" என்றால் போய் வெட்டிக்கொண்டு வர வேண்டும். "மூடி" என்றால் வாளி திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தணியும். அவர் தணிந்து பேச ஆரம்பித்தால் நாங்கள் அவரவர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வோம்.

ஒரு நாள் என்னிடம், "அலமேலு, வளையல்" என்றார்.

"சிஸ்டர், வீட்டுக்காரர் இருக்கும்போது வளையல கழட்ட மாட்டாங்க எங்கள்ல."

அவர் என்னோடு வாதாடவில்லை. தன் கழுத்திலிருந்த சிலுவை போட்ட சங்கிலியைக் கழற்றி வாசல் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். "நானும் தெனம் இத இங்க மாட்டிட்டுத்தான் உள்ள போறேன். வெளிய வந்ததும் போட்டுக்கிறேன். ஆண்டவர் இன்னும் ஒண்ணும் சொல்லல."

நான் கழற்றி அடுத்த ஆணியில் மாட்டினேன். அப்புறம் ரோசியும் அவள் மோதிரத்தைக் கழற்றினாள்.

வேலை இதுதான். பக்கத்துப் பிரம்மதேசத்து வயல்களிலிருந்து வைக்கோல் வரும். அதைச் சின்னதாக நறுக்கி, ஊறவைத்து, டிரம்மில் வேகவைத்து, சுத்தமான ஷீட்டில் பரப்பி ஆறவிடுவோம். அன்றைக்கு வந்த காபிச் சக்கையை அதில் கலப்போம். கலந்ததை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் தண்ணீர் முத்துப் போல நிற்க வேண்டும், ஓடக் கூடாது. ஓடினால் இன்னும் உலரவேண்டும். முத்தே வரவில்லை என்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சிஸ்டர் எங்கள் ஒவ்வொருவர் பிடியையும் பார்ப்பார். அப்புறம் சோளத்தில் வளர்த்த காளான் விதை. சோளம் முழுக்க வெள்ளை பூத்திருக்கும். பிளாஸ்டிக் பையில் ஒரு அடுக்கு சக்கைக் கலவை, ஓரத்தைச் சுற்றி விதை, மறுபடி ஒரு அடுக்கு கலவை. வாயை இறுக்கக் கட்டி, பக்கத்தில் துளை போட்டு, இருட்டறையில் உறி போலக் கயிற்றில் தொங்கவிடுவோம்.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் கட்டிய பைகளை நான் மறக்க மாட்டேன். இரண்டொரு நாளில் விதையைச் சுற்றி மெல்லிசாக ஏதோ புகைந்த மாதிரி தெரிந்தது. அப்புறம் அது நூல் நூலாகப் பிரிந்து கறுப்புக்குள் இறங்கியது. காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் நிற்காது. மூன்று வாரம் போல ஆனபோது பையில் கறுப்பே இல்லை. தலை முதல் கால் வரை வெள்ளைவெளேரென்று, கட்டியாக. தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்ட மாதிரி.

"சிஸ்டர், சுடுது!"

"திங்குது இல்ல, சுடத்தான் செய்யும்" என்றார்.

என் வயசில் பாதியை வெள்ளைக்கு நடுவில்தான் கழித்தேன். உப்பளத்தில் வெள்ளை என்றால் அங்கே புல் கூட வராது. இந்த வெள்ளை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மனுஷன் குடித்துவிட்டுக் கொட்டியதைச் சாப்பிட்டு வளர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைச் சொல்ல முயன்றேன், யாருக்கும் புரியவில்லை.

பையைக் கீறி, ஈரச் சாக்கு தொங்கும் வெளிச்ச அறைக்கு மாற்றினால் மொட்டு வரும். காலையில் கடுகு போல இருக்கும். மறுநாள் பார்த்தால் கைப்பிள்ளையின் காது மாதிரி விரிந்திருக்கும். கொத்துக் கொத்தாக, சாம்பல் பூத்த வெள்ளையில். பறித்து பாண்டிச்சேரி ஓட்டல்களுக்குப் பாபு கொண்டுபோவார். சக்கை கொடுத்த கடைக்கே காளான் போகும். பறித்து முடிந்த பை உரமாகித் தோட்டக்காரர்களுக்குப் போகும். மிஞ்சிய சக்கையைக் காயவைத்தால் இடையஞ்சாவடியில் சோப்புச் செய்யும் அம்மா ஒருவர் வாங்கிக்கொள்வார், உடம்பு தேய்க்கிற சோப்பில் போட. கடைசியில் நாங்கள் பெருக்கித் தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது. துடைப்பத்துக்கு வேலை கம்மியான இடத்தில் நான் வேலை பார்த்தது அதுதான் முதல் தடவை.

இனி, அந்தப் பெண்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

இரண்டாம் வருஷம் புரட்டாசி மாதம். இருட்டறையில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு பையின் ஓரத்தில் நகத்தளவுக்குப் பச்சை இருப்பதைப் பார்த்தேன். பாசி போல அழகான பச்சை. சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் கிட்டே வந்து பார்த்தார், தொடவில்லை. குரல் தணிந்தது.

"யாரும் இத அசைக்காதீங்க. இது வேற பூஞ்சை. நம்ம காளானத் திங்க வந்திருக்கு. அசைச்சா தூள் பறக்கும், எல்லாப் பைக்கும் போயிடும்."

அன்றைய சுத்த வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஈரத்துணியால் அந்தப் பையை முழுக்க மூடி, சிஸ்டரே அணைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். செத்துப்போன பிள்ளையை எடுத்துப் போகிற மாதிரி இருந்தது எனக்கு. மறுநாள் இன்னும் சில பைகளில் பச்சை. அதற்கு மறுநாள் ஒரு வரிசை முழுக்க.

நாலு பெண்கள் வேலை செய்தோம். நாலு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்க ஆரம்பித்தோம். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ரோசி வெடித்தாள்.

"சொல்றேன்னு தப்பா நெனைக்காதக்கா. உன் கால்ல இன்னும் புண்ணு முழுசா ஆறல. அதுலேர்ந்துதான் வந்திருக்கும்."

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். என் தங்கச்சி மாதிரி நினைத்திருந்தவள். "உன் தலமுடிய தெனம் எடுத்துப் போடுறது நானு. என் கால பேச வந்துட்டியா?" என்று எழுந்துவிட்டேன். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் உள்ளுக்குள் எனக்கே பயம். புண் காலை வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வந்தவள் நான்தானே?

சிஸ்டரின் தம்பி வேறு வந்து நின்றார். தை பிறந்ததும் கொட்டகையை ஒரு சிமெண்ட் வியாபாரிக்கு விடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். "நீயும் ரெண்டு வருஷமா பார்த்துட்ட இல்ல அக்கா" என்றார். சிஸ்டர் அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார். இன்னும் சில வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். அப்போது உப்பளமும் இருக்காது. தையில் கொட்டகையும் போனால், இந்தக் காலோடு மறுபடி உப்பில்தான் இறங்க வேண்டும்.

அன்று மத்தியானம் சிஸ்டர் எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"அறைய முழுசா காலி பண்ணப் போறோம். எல்லாப் பையும் போவணும்."

"எல்லாமா? பாதி நல்லாத்தானே சிஸ்டர் இருக்குது!" ரோசி முன்னால் வந்தாள். "வெள்ளவெளேர்னு இருக்குதே, அதையுமா?"

"கண்ணுக்குத் தெரியறது பாதி. தியேட்டர்ல ஒரு தட்டுல ஒரு கத்தி சுத்தமில்லன்னு தெரிஞ்சா, அந்தக் கத்திய மட்டும் மாத்திட்டு நாங்க வேலையத் தொடர்ந்ததில்ல."

"இத்தன நாள் ஒழைச்சது மண்ணுக்குப் போவுதே சிஸ்டர்."

"ஆமாம்மா" என்றார்.

தோப்பு ஓரத்து மணலில் நாங்களே நீளமாகப் பள்ளம் தோண்டினோம். ஒவ்வொரு பையாக ஈரத்துணி சுற்றி எடுத்துவந்து பள்ளத்தில் இறக்கி, தண்ணீர் ஊற்றி, பிளாஸ்டிக்கை மட்டும் உருவிக்கொண்டு மணலைத் தள்ளினோம். பச்சை விழுந்ததும் போயிற்று, வெள்ளையாக இருந்ததும் போயிற்று. நல்ல பைகளை வைக்கும்போது கையில் அந்த இளஞ்சூடு தெரிந்தது. ரோசி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் அழுதிருப்பேன்.

அறையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கதவைத் திறந்து போட்டு வெயில் காட்டினோம். அதன் பிறகு சிஸ்டர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "யார் கைன்னு நீங்க பேசிக்கிறது எனக்குக் கேக்குது. இனிமே பேச வேணாம். பையவே கேப்போம்."

அவர் கேட்ட விதம் இதுதான். பாபு எந்தெந்த இடத்திலிருந்து சக்கை கொண்டுவருகிறாரோ, அந்தந்த வாளியைக் கலக்காமல் தனித்தனியாக வைக்கச் சொன்னார். ஒவ்வொரு வாளியிலிருந்தும் நாங்கள் நாலு பேரும் ஆளுக்கு ஒரு பை கட்டினோம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிறத்தில் நூல். கடற்கரைப் பக்கக் கடைக்குச் சிவப்பு, கல்லூரிக் கேண்டீனுக்கு மஞ்சள், ஒரு கல்யாண மண்டபத்துக்கு நீலம் என்று. தொங்கவிட்டுவிட்டு, கதவைச் சாத்தினோம்.

அந்த நாட்களில் கும்பிட்ட மாதிரி நான் என்றைக்கும் சாமி கும்பிட்டதில்லை. என் பைகள் மட்டும் பச்சையாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ரோசியும் அதையேதான் வேண்டினாளாம், அவள் பைகளுக்காக.

ஒரு காலையில் சிஸ்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சிவப்பு நூல் கட்டியது வெள்ளை. மஞ்சள் வெள்ளை. என்னுடையது வெள்ளை, ரோசியுடையதும் வெள்ளை. நீல நூல் கட்டிய பைகள் மட்டும், நாலு பேர் கட்டியதும், பச்சை.

நீல நூலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரோசி என் கையைப் பிடித்தாள், சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு. "அக்கா" என்றாள்.

"கை" என்றார் சிஸ்டர். இருவரும் மறுபடி கழுவிக்கொண்டு வந்தோம்.

பாபுவை அனுப்பி மண்டபத்துச் சமையல்காரரிடம் விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. காபித்தூள் விலை ஏறியதால் சிக்கரி நிறையக் கலந்த தூளுக்கு மாறியிருந்தார்கள். அவர் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சிக்கரிச் சக்கை பிசுபிசுவென்று தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கட்டி தட்டும், காற்று உள்ளே போகாது. பச்சைப் பூஞ்சைக்கு அதுதான் விருந்து என்று சிஸ்டர் சொன்னார். அதிலிருந்து பில்டர் காபிச் சக்கை எங்கிருந்து வந்தாலும் வைக்கோலோடு சேர்த்து வேகவைத்த பிறகே பையில் போடுவோம். மெஷினில் இறக்கும் காபியில் சிக்கரி சேராது, அந்தச் சக்கைக்கு அது தேவைப்படவில்லை. நீங்கள் இன்றைக்கு வாளி வாங்கும்போது, "சிக்கரி கலந்ததா?" என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி அப்போது வந்ததுதான்.

புதுப் பைகள் கட்டியிருந்தோம். அவை வெளுத்துக்கொண்டு வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்காக விடாத மழை. கழுவெளி ஏரிப் பக்கமெல்லாம் ஒரே தண்ணீர்க்காடு. கொஞ்சம் வெறித்த ஒரு காலையில் நாங்கள் போனபோது, சிஸ்டரின் தம்பியும் சிமெண்ட் வியாபாரிக்குக் காட்டுவதற்குக் கொட்டகை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்திருந்தார். கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனவர், "அக்கா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. ஓடினோம்.

நாங்கள் புதைத்த பள்ளத்தின் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காளான்.

மணலைப் பிளந்துகொண்டு வந்திருந்தன. கொட்டகைக்குள் நாங்கள் அப்படி ஒரு காளானை வளர்த்ததே இல்லை. ஒவ்வொரு கொத்தும் முறம் அகலம். இதழ் இதழாக ஒன்றன்மேல் ஒன்று. ஓரத்தில் மழைத்துளி நின்றது. மேலே சவுக்கு மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழ, ஒவ்வொரு சொட்டுக்கும் அந்த இதழ்கள் மெல்ல அசைந்தன. பச்சையை எங்கே தேடியும் காணோம். ரோசி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன், ஏன் என்று தெரியாமல்.

தம்பி குந்தி உட்கார்ந்து பார்த்தார். "அக்கா, இத நீ நட்டியா?"

"குப்பைன்னு பொதைச்சேன்" என்றார் சிஸ்டர்.

சொல்லிவிட்டு, வெள்ளைப் புடவையோடு அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்தார். சேலையில் ஒரு மடிப்பு கலைந்து கூட நான் பார்த்திராத மனுஷி. எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "அத்தனை வருஷம் தியேட்டர்ல இருந்தேன். முடிஞ்சிடுச்சுன்னு துணிய இழுத்து மூடினதுக்கப்புறம் ஒண்ணு எழுந்து வந்து நான் பார்த்ததில்ல."

"எப்டி சிஸ்டர் வந்துச்சி?" என்று கேட்டேன்.

"நூல் உயிரோட இருந்திருக்கும். மழையும் குளிரும் அதுக்குத் தோதா இருந்திருக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியல அலமேலு." தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"நாலே நாலு பறிச்சிக்கட்டா?" ரோசி கேட்டாள்.

"வேணாம். அந்தப் பள்ளத்துல பச்சையும் பொதைச்சிருக்கோம். இத யாரும் சாப்பிடக் கூடாது, விக்கவும் கூடாது." பிறகு, "பார்த்துக்கோங்க" என்றார்.

அவை விரிந்து, வாடி, கரைந்து மண்ணோடு போகும் வரை தினமும் போய்ப் பார்த்தோம். தம்பி சிமெண்ட் வியாபாரியைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. பள்ளத்தில் பார்த்ததை வைத்துத்தான், பறித்து முடிந்த சுத்தமான பைகளை மழைக்காலத்தில் தோப்பு நிழலில் வரப்பு போலப் பதித்து இன்னொரு தரம் காளான் எடுக்கப் பழகினோம். உப்பளம் மூடிக் கிடக்கும் மாதங்களில் அந்த வேலைக்கு இன்னும் சில பெண்கள் வந்தார்கள்.

வருஷங்கள் ஓடின. ஈரச் சாக்கு தொங்கும் அந்த வெளிச்ச அறைக்கு, பறிப்பறை என்போம், நான் பொறுப்பானேன். எனக்கு அந்த அறையை விட்டு வரவே மனசு வராது. கொத்துக்கு நடுவில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகக்கவசம் போடச் சொல்வார் சிஸ்டர். மூச்சு முட்டுகிறது என்று தாடைக்கு இறக்கிவிடுவேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

பிறகு இருமல் தொடங்கியது. சாயங்காலமானால் உடம்பு காயும், மூட்டு வலிக்கும், காலையில் சரியாகிவிடும். சளி என்று கஷாயம் குடித்தேன். ஒரு நாள் சிஸ்டர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெழம இருமல் இருக்கா?"

யோசித்தேன். "இல்ல சிஸ்டர்."

"திங்கக்கெழம சாயங்காலம்?"

"அன்னைக்குத்தான் ஜாஸ்தி."

அவர் குரல் தணிந்துவிட்டது. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் வர்றேன்."

எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். காளானின் தூள் நெஞ்சுக்குள் போய்ப் போய், என் நுரையீரல் அதோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டதாம். விரிந்த காளான் விடுகிற தூள், விதை மாதிரி. சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு இப்படி. டாக்டர் சொன்னதை சிஸ்டர் ஏற்கனவே ஊகித்திருந்தார். திரும்பி வரும் வழியில் வேனில், "இனிமே உங்கள அந்த ரூமுக்குள்ள விட மாட்டேன்" என்றார்.

"என் வேலை அதுதானே சிஸ்டர்!"

"வெளிய வைக்கோல் இருக்கு, வாளி இருக்கு, தோப்பு இருக்கு. ஒங்க நெஞ்சுக்கூடு ஒண்ணுதான் இருக்கு."

எனக்குக் கோபம். பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனாலும் அவர் சொன்னபடி வெளி வேலைதான் பார்த்தேன். இருமல் பாதி குறைந்தது, மீதி என்னோடு தங்கிவிட்டது. எனக்கப்புறம்தான் முகக்கவசம் இல்லாமல் யாரும் பறிப்பறைக்குள் போகக் கூடாது என்று ஆனது. காளானின் ஓரம் மேலே திரும்பும் முன்னால் பறித்துவிட வேண்டும் என்பதும் அப்போது வந்த சட்டம்தான். பெண்களே, மூச்சு முட்டுகிறது என்று தாடைக்கு இறக்காதீர்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் வேலையை விட்டு நின்ற கடைசி நாளைச் சொல்லி முடிக்கிறேன். எல்லோரும் பால்கோவா வாங்கி வைத்து, எனக்கு ஒரு புடவை கொடுத்தார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு சிஸ்டர், "வாங்க" என்று பறிப்பறைப் பக்கம் கூப்பிட்டார். கதவில் சின்னக் கண்ணாடி பதித்திருக்கும். உள்ளே ஜன்னலை மூடி இருட்டாக்கியிருந்தார்கள். ஒரே ஒரு கொத்தை மட்டும் எனக்காகப் பறிக்காமல் விட்டு வைத்திருந்தாராம். நன்றாக விரிந்திருந்தது. உள்ளே ரோசி முகக்கவசத்தோடு நின்று, கீழிருந்து அதன் மேல் டார்ச் அடித்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பார்த்தேன். அந்த இதழ்களுக்கு அடியிலிருந்து புகை போல எதுவோ இறங்கிக்கொண்டிருந்தது. ஊதுவத்திப் புகையை விட மெல்லிசாக. சுருண்டு, விரிந்து, வெளிச்சத்தில் மினுங்கி, அப்படியே மேலே எழும்பி, அறை முழுக்கப் பரவியது. காற்றே இல்லாத இடத்தில் தானாக நகர்ந்தது. நிற்கவே இல்லை. எத்தனை வருஷம் அந்த அறைக்குள் இருந்தேன், ஒரு தடவை கூட என் கண்ணுக்கு அது தெரிந்ததில்லை. அதைத்தான் நான் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

"இவ்ளோ அழகா இருக்குதே சிஸ்டர்" என்றேன்.

"ஆமா" என்றார் அவர். "நீங்க அதப் பார்க்காம போவக் கூடாதுன்னு நெனச்சேன்."

கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். ரோசி கை வலிக்கிறது என்று டார்ச்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், ஆனால் அணைக்கவில்லை.